திரையில் அழுத்திய எழுத்துகள்

ஜூன் 3, திங்கள்
கீபோர்டில் சாயாவைக் கொட்டிவிட்டேன். பாதி எழுத்து விழவில்லை. நல்லவேளை, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கீபோர்டு இருக்கிறது. திரையில் விரித்து, மவுஸால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்த வேண்டும். ஷிஜாவுக்கு நாலு வரி எழுத அரை மணி நேரம். காலேஜ் தோழி, பொறுத்துக்கொள்வாள்.

ஜூன் 5
வீட்டுக்காரர் சுஜித் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டார்: “ஷிஜாவுக்கு இப்பம் ஒண்ணும் எழுதுறதில்லையா?”
தினமும்தான் எழுதுகிறேன். எழுதவில்லை என்று இவருக்கு ஏன் தோன்றியது?

ஜூன் 6
கேட்காமலே புதுக் கீபோர்டு வந்துவிட்டது. மிக்சி கெட்டு மூன்று மாதமாகிறது, அதற்கு நேரமில்லை. மேசைக்கு அடியில் தவழ்ந்து அவரே மாட்டினார். என்னைத் தொடவே விடவில்லை.

ஜூன் 7
மறுபடி டீச்சர் வேலைக்குப் போக ஆசை என்று போன மாதம் ஷிஜாவுக்கு எழுதினேன். மறுநாள் தோசையைப் பிய்த்தபடி இவர், “பள்ளிக்கூடத்துல கத்தித் தொண்ட போனது போதாதா?” என்றார். இவரிடம் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்த விஷயமும் இப்படித்தான், நான் சொல்லாமலே இவருக்குத் தெரிந்திருந்தது.
மெயில் பாஸ்வேர்டு தெரியுமோ? இரண்டு தடவை மாற்றியாயிற்றே. இல்லை, நான்தான் வீணாக — ஆறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷர்.

ஜூன் 10
திரையில் அழுத்தி எழுதிய நாட்களில்தானே ‘எழுதுறதில்லையா’ என்று கேட்டார்? சோதித்துவிட வேண்டியதுதான். புதுக் கீபோர்டில் ‘சனிக்கிழமை கல்லாறு போகலாம்’ என்று அடித்தேன். திரைக் கீபோர்டில் ‘ஞாயிற்றுக்கிழமை கோவளம்’. இரண்டையும் யாருக்கும் அனுப்பாமல் அழித்தேன்.

ஜூன் 11
“சனிக்கிழமை நல்ல மழையாக்கும். கல்லாறு பக்கமெல்லாம் ஆரும் போண்டாம்.”
பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 12
அவன் ஆபீஸ் போனதும் மேசைக்கு அடியில் நுழைந்தேன். கீபோர்டு ஒயருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் நடுவில் கறுப்பாக ஒரு குட்டி பிளக். திரைக் கீபோர்டில் அழுத்தி நெட்டில் தேடிப் பார்த்தேன். நாம் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அது சேமித்து வைக்குமாம். திரையில் அழுத்துவது மட்டும் அதற்குத் தெரியாதாம்.
அடிச்சது, அழிச்சது, அம்மாகிட்ட எழுதி அழுதது — எல்லாத்தையும் படிச்சிருக்கான். அழுகை வரல.
பிடுங்கக் கை போனது. வேண்டாம், இப்போது வேண்டாம்.

ஜூன் 14
பிளக்குக்காக அவியல் குறிப்பு ஒன்றை அடித்தேன். பிறகு திரையில் புது மெயில் முகவரி, கரமனையில் ஷிஜா வேலை பார்க்கும் பள்ளிக்கு விண்ணப்பம். பெயர், திவ்யலட்சுமி. அனுபவம், மூன்று வருஷம். இடையில் ஆறு வருஷம் என்ன செய்தீர்கள் என்று ஒரு கட்டம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15
“இன்னிக்கு அவியல் இல்லையா?” என்றான். நான் வைத்தது சாம்பார்.

ஜூன் 24
மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கரமனை போய் நேர்முகம் முடித்தேன். ஒன்றாம் தேதி சேரச் சொன்னார்கள்.

ஜூன் 30
துணிப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி அவன் முன்னால் போட்டேன்.
“உனக்க நல்லதுக்காக்கும்,” என்றான். முகத்தைப் பார்க்கவில்லை.
“எனக்கு எது நல்லதுன்னு எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாமே?”
இறங்கினேன்.

ஜூலை 4
பெண்கள் ஹாஸ்டல். ஜன்னல் வழியாக ஆறு தெரிகிறது. சாயங்காலம் சுஜித்தின் போன். “எங்க இருக்கே? என்ன செய்யுறே? சொல்லு திவ்யா.”
அவனுக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தி முடித்தேன்.