மார்கழி கழியட்டும் என்றேன்

ஜனவரி 20, 2025, திங்கள்

கொடைக்கானல் தோட்டக்காரர் பாஸ்கல் காலையிலேயே போன். தை முதல் தேதி நான் லாரியேற்றிய ஆலிவ் கன்று ஐந்நூற்று எண்பதும் மூன்று நாள் உறைபனியில் கருகிவிட்டதாம். கன்றைக் கப்பலேற்றிய ஸ்பெயின்காரன் சீட்டில் ‘பனி தாங்கும் ரகம்’ என்று இருக்கிறது. ஆனால் நவம்பர் கடைசியில் மாதிரிக்கு அனுப்பிய இருபது மட்டும் அதே பனியில் பச்சையாக நிற்கிறது. எல்லாம் ஒரே கண்டெய்னரில் வந்தவை. அது எப்படி?

ஜனவரி 21

எப்படி என்று எனக்குத் தெரியும். குடோன் சாவி ஜீவமணியிடம்தான் இருந்தது. பதினெட்டு வருஷம் என் சோற்றைத் தின்றவன். நல்ல கன்றை விற்றுவிட்டு ஏதோ நர்சரிக் குப்பையை ஏற்றியிருக்கிறான். கடை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்: “ஏலே, திருட்டுப்பயலே, கன்ன யாருக்குல வித்த?”

அவன் சத்தம் போடவில்லை. “ஆர்டர் வந்த அன்னைக்கே அனுப்பிருவோம்னேன் அண்ணாச்சி. மார்கழியில புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாதுன்னது நீங்க.” சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

என்ன திமிர்!

ஜனவரி 23

செத்த இலை, பிழைத்த இலை இரண்டையும் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பினேன். டிஎன்ஏ ரிசல்ட் வரட்டும். போலீசுக்கே போவேன்.

பிப்ரவரி 14

இரண்டும் ஒன்று. ஒரே தாய்மரத்துப் பதியன்.

நம்பாமல் லேபுக்குப் போன் போட்டுக் கத்தினேன். பிரேமா என்ற அம்மா பொறுமையாகச் சொன்னார்: “குளிரைத் தாங்குற ஜீன் எல்லாக் கன்னுலயும் இருக்கு சார். ஆனா அது எப்பவும் வேலை செய்யாது. சில வாரம் லேசான குளிர் பட்டாத்தான் ஒவ்வொண்ணா முழிக்கும். அப்புறம்தான் இலையில சர்க்கரை ஏறும், பனி வந்தாலும் செல் உடையாது. அந்த இருபதுக்கு அவகாசம் கிடைச்சுது. மத்தத நீங்க எங்க வச்சிருந்தீங்க?”

எங்கே வைத்திருந்தேன்? மில்லர்புரம் குடோனில், கடற்கரை வெக்கையில், தகரக் கூரைக்கடியில். மார்கழி முழுக்க. போதாததற்கு யூரியா வேறு போட்டேன். தளதளவென்று துளிர்த்ததை வந்தவன் போனவனிடமெல்லாம் காட்டினேன். அந்தத் துளிரைத்தான் பனி முதலில் தின்றிருக்கிறது.

நான்தான். வேற எவனும் இல்ல. சே!

மார்ச் 2, ஞாயிறு

மன்னிப்புக் கேட்க நாசரேத்தில் ஜீவமணி வீட்டுக்குப் போனேன். உள்ளேதான் இருந்தான், வெளியே வரவில்லை. அவன் மனைவி ஜெப்ஸி வாசலிலேயே நின்று கேட்டாள்: “திருடன்னு ஊருக்கு முன்னால சொல்லுதீங்க, மன்னிப்ப மட்டும் வீட்டுக்கு வந்து சொல்லுதீங்களாக்கும்?”

காரில் வரும்போது அப்படி ஒரு கோபம். அவள் சொன்னது சரி என்பதால் கூடுதல் கோபம்.

மார்ச் 3

கடை திறந்ததும் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். திருடியவன் யாருமில்லை, கெடுத்தவன் நான் என்று. ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

பாஸ்கல் இன்னொரு தடவை நம்பியிருக்கிறார். புது லோடு நேற்று கஸ்டம்ஸ் தாண்டியது. காலை எட்டு மணிக்கு, அஷ்டமியிலேயே, லாரி கிளம்பிவிட்டது. ஏற்றிவிட்டவன் ஜீவமணி; கூப்பிட்டனுப்பியதற்கு வந்திருந்தான்.

குடோன் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். டீ வாங்கி வைத்தேன், தொடவில்லை.