பத்து மணி நேரம் என்று அப்பா போட்ட கணக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அக்கா, எழுதுவது உன் வாலுதான். பிழை என்னுடையது, அழுகை அம்மாவுடையது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதி, படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.) காலையில் இரண்டு தடவை கூப்பிட்டேனே, இதைச் சொல்லத்தான். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு வாயுப்பிடிப்பு என்று உன்னிடம் சொன்னது பொய். இதயக் குழாயில் அடைப்பு. (ரோட்டில் அடைப்பு என்றால் லாரியைச் சந்தில் விட்டு வந்துவிடுவார், இதற்குச் சந்து இல்லையாம்.) நாளைக் காலையே ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உன் அப்பாவோ பெரியவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். லாரி ஓட்டிய பழக்கத்தில், எந்த ஊரைச் சொன்னாலும் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்கிற ஆளாயிற்றே, உன் ஊர் எட்டாயிரம் கிலோமீட்டர், பிளேன் மணிக்கு எண்ணூறு, பத்தே மணி நேரத்துல வந்துடுவா, என்ன அவசரம் என்று நர்ஸிடம்கூட அடித்துச் சொல்கிறார். நேரடி விமானம் கிடையாது, நடுவில் ஓர் ஊரில் இறங்கி அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும், அப்புறம் இன்னொரு விமானம், அப்புறம் பஸ் என்று சின்னவள் விளக்கினாள். வழியில டீ குடிக்க நிறுத்தாம வரச் சொல்லு என்கிறார். (பிளேன்கூட இறங்கும் அக்கா, இவர் இறங்கி வரமாட்டேன் என்கிறார்.) எப்படிக் கூட்டினாலும் ஒன்றரை நாளுக்குக் குறையவில்லை. நீ இந்த நிமிஷமே கிளம்பினாலும் டாக்டர் சொன்ன வேளை தாண்டிவிடும்.

உன்னை வா என்று கூப்பிடத்தான் பேனாவை எடுக்கச் சொன்னேன். ஆனால் நீ வருகிறாய் என்றால் அவர் காத்திருப்பார். அதனால் கண்ணு, இதைப் படித்ததும் அவரைக் கூப்பிட்டு, லீவு கிடைக்கலப்பா, இந்த மாசம் வரமுடியாது, நீங்க கையெழுத்துப் போடுங்க என்று சொல்லிவிடு. திட்டுவார். அப்பனைவிட வேலை பெரிசாப் போச்சா என்பார். வாங்கிக்கொள். குரல் கம்மவிடாதே, கண்டுபிடித்துவிடுவார். போனை வைத்தபின் அழு, அழுதுகொண்டே டிக்கெட் எடு. (அக்கா, வீட்டில் புளுகு என் இலாகா என்பதால் நானே போய், அக்கா வரலையாம்ப்பா என்று சொல்லிப் பார்த்தேன். போடி பித்தலாட்டம் என்று சிரித்தார். நான் சொன்னால் எதையும் நம்பமாட்டார், என் பிழைப்பு அப்படி. நீ சொன்னால் நம்புவார். நீதான் அவரிடம் பொய்யே சொன்னதில்லையே.)

வழியில் வெறும் வயிற்றோடு கிடக்காதே, ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வை. இங்கே பொழுது சாய்வதற்குள் அப்பாவிடம் பேசிவிடு, மறந்துவிடாதே. தீர்க்காயுசாய் இரு. நீ வந்து நிற்கும்போது அவர் கண்ணைத் திறந்து உன்னைத் திட்ட வேண்டும், எனக்கு அது போதும்.

இப்படிக்கு
உன் அம்மா
(கூடவே வாலு)