ஒயரைத் தொடாத குரூப் லீடருக்கு

இன்று மதியம் எங்கள் பாலிடெக்னிக் லேபில் ஒயர் கருகிய வாசனை. ஓடிப்போய்ப் பார்த்தால், நான் வழிநடத்தும் இறுதியாண்டு குரூப் ஒரு பெட்டியைச் சுற்றி நிற்கிறது. கார்த்திக் பேட்டரியைத் தலைகீழாக மாட்டி, போர்டைக் கருக்கிவிட்டான். எல்லார் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிற திவ்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவன நம்பிக் குடுக்க வேணாம்னு அப்பவே சொன்னேன் மேம். நீங்கதான் கேக்கல."

உண்மைதான். அவனிடம் கொடுக்கச் சொன்னது நான். என்னை அப்படிச் சொல்ல வைத்தது நீ. இந்தக் கோபத்தை வேறு யாரிடம் போய்க் கொட்டுவது?

நாம் படித்தபோது நம் இறுதியாண்டு புராஜெக்ட், உப்பளத்துக்கு ஒரு மழை அலாரம். தகட்டில் முதல் துளி விழுந்ததும் சைரன் அலற வேண்டும். ஆட்கள் ஓடிப்போய் உப்புக் குவியலை மூட வேண்டும். உன் அம்மாவும் அப்பாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போனவர்கள். யோசனை உன்னுடையது என்பதால் நீயே லீடர். உன்னோடு நான், மேரி, அனுமந்தையிலிருந்து வரும் செல்வம். சர்க்யூட் முழுக்க எனக்கு அத்துப்படி. விட்டிருந்தால் தனியாகவே முடித்திருப்பேன். நீயோ நான் பாதி செய்து வைத்திருந்த அலாரம் பெட்டியைத் தூக்கி, வகுப்புக்கே ஒழுங்காக வராத செல்வத்திடம் கொடுத்தாய்.

"உனக்கென்ன பைத்தியமாடி? அவன் தொடக்கூட மாட்டான்."

"அவங்கிட்ட ஒண்ணுமே குடுக்காம, ஒண்ணுமே செய்யலன்னு சொல்லிட்டே இருக்க. இது குரூப் புராஜெக்டா, உன் புராஜெக்டா?"

நான் சொன்னதுதான் நடந்தது. அவன் தொடவில்லை. நான் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். நீ அவன் வீட்டுக்கே போய்விட்டு வந்தாய். "அவனுக்கு சர்க்யூட் பாத்தா புரியலடி. நம்மகிட்ட கேக்க வெக்கம். அதான் ஓடுறான்." சொல்லித்தர மேரியை அனுப்பினாய், என்னை அல்ல. "நீ போனா அவன் கையிலேர்ந்து புடுங்கிடுவ" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாய். அது இன்னும் எரிகிறது.

உப்பளத்தில் பெட்டியை வைத்த முதல் காலையே சைரன் அலறியது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த அக்காக்கள் சிரித்தார்கள். "ஏம்மா, வெயிலுக்கும் மணி அடிக்குதா இது?" உன் அம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. நீ செல்வத்திடம் திரும்பி, "பெட்டி உங்கிட்ட இருக்குது. என்னன்னு பாத்துச் சொல்லு" என்றாய், அவ்வளவுதான். அவன் விடிந்ததும் சைக்கிளில் வந்து பார்த்துக்கொண்டே இருந்தான். காற்றில் வந்த உப்பு படிந்த தகட்டில் பனி இறங்குகிறது, அந்த ஈரத்தைப் பெட்டி மழை என்று எடுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தான். அவன் தகட்டைச் சாய்த்து மாட்டினான். நானும் மேரியும் சர்க்யூட்டை மாற்றினோம். கோடை மழை திடீரென்று கொட்டிய ஒரு பிற்பகல், சைரன் சரியாக அலறியது. குவியல்கள் தப்பின.

வைவாவில் செல்வம் தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னான். பிறகு தேர்வாளர் உன்னிடம் கேட்டார்: "லீடர் நீ என்னம்மா செஞ்ச?"

"நான் ஒயரையே தொடல சார். இவங்க மூணு பேர்கிட்டயும் சண்ட போட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்த வருடம் நம்முடையதுதான் சிறந்த புராஜெக்ட்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. செல்வம்தான் போன் செய்து சொன்னான்.

எல்லாம் சரி. நம்பிக் கொடுத்தது கருகிப்போனால் என்ன செய்வது என்று ஏன் சொல்லாமல் போனாய்? உனக்கு ஒரு மழை வந்து கைகொடுத்தது. இவர்களுக்குத் திங்கட்கிழமை ரிவ்யூ.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நானே பண்ணிடறேன் மேம்" என்றாள் திவ்யா. 'சரி' என் நாக்கு நுனிவரை வந்தது. கார்த்திக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவையே பார்த்தான். அவனுக்கும் அந்தச் 'சரி'தான் வேண்டியிருந்தது.

"வேணாம் திவ்யா. புது போர்டு தர்றேன். நீ பக்கத்துல உக்காந்து சொல்லு, அவன் பண்ணட்டும். கார்த்திக், பைய கீழ வை."

திவ்யா என்னை முறைத்தாள். அந்த முறைப்பு உனக்கு நன்றாகத் தெரியும். வருடம் முழுக்க நான் உன்னைப் பார்த்து முறைத்ததுதான். அதை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பது இத்தனை கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.