அப்பாவுக்குப் போட்ட பூஜ்யம்

செவ்வாய், இரவு.

ஞாபக மறதி பற்றிய ஆய்வுக்காக அப்பாவை இன்று மைசூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும்படி கன்னடத்தில் சொன்னார்கள். நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்த மனுஷன், தமிழிலேயே தடுமாறாமல் சொன்னார். கேட்ட பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. கன்னடத்தில் சொல்லவில்லை என்று பூஜ்யம் போட்டாள். மறதி நோய் வர வாய்ப்பு அதிகம் என்று கம்ப்யூட்டர் காட்டியது.

டாக்டரிடம் கத்தினேன். ஏறிய டேட்டாவை மாற்ற முடியாது என்றார். அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதக் காகிதத்தை மேஜையிலிருந்து பிடுங்கிக் கிழித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா மெதுவாகக் கேட்டார், "உம்பேரு கூட எனக்கு மறந்து போயிருமா கண்ணு?"

"அதெல்லாம் இல்லப்பா, கணக்கெல்லாம் சரியாத்தான் சொன்னீங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை.