கன்னத்தில் அடக்கிய ஏலக்காய்

மதினி,

காலையில் எழுந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து ஓர் ஏலக்காயை எடுத்துக் கன்னத்தில் அடக்கினேன். வாசம் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. நீங்கள் போன பிறகு எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. மகன் டாக்டரிடம் கூட்டிப்போனான். அந்தக் காலத்தில் உங்களுக்குக் கொடுத்த மாதிரி இப்போது எனக்கும் மனசுக்கு மாத்திரை. சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, முதல் பிள்ளை பிறந்து தங்காமல் போனதும் சுவரைப் பார்த்துப் படுத்தீர்கள். எழுந்திருக்கவே இல்லை. சொந்தபந்தம் எல்லாம் பேயோட்டக் கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொன்னது. மலையில் ஏலத்தோட்டத்துக் கங்காணியாக இருந்த அப்பா, யார் பேச்சையும் காதில் வாங்காமல் உங்களைப் போடியில் ரயிலேற்றி மதுரைக்கு, மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். துணைக்கு நானும் வந்தேன்.

மாத்திரை உங்களை எழுப்பி உட்கார வைத்தது. கூடவே என்னென்னவோ செய்தது. வாய் வறண்டு பேச்சு குழறியது. காபித் தம்ளர் கையில் ஆடியது. தூக்கமே வராதபோதும் கொட்டாவி கொட்டாவியாக விட்டீர்கள். "போடிமெட்டுக்கு நடந்து ஏறுன கணக்கா வேர்க்குது புள்ள" என்பீர்கள், மார்கழிக் குளிரில் முந்தானையால் விசிறிக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரும், உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்கென்றே அப்பா வாசலில் நின்று செருப்பிலிருந்த சேற்றை நிதானமாகத் துடைப்பார்.

தோட்டத்திலிருந்து இறங்கும்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு பிடி ஏலக்காய் கொண்டுவருவார். "வாய் காஞ்சா ஒண்ணப் போட்டுக்க ஆத்தா. மாத்திரைய மட்டும் விட்டுறாத." மாத்திரை விஷயம் நம் வாசலைத் தாண்டவில்லை. தெரிந்தால் உங்களுக்குப் பைத்தியக்காரி என்று பேர் வைத்துவிடுவார்கள்.

அந்த அப்பாவே ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் மாரடித்து அழுதோம். நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், கன்னத்தில் காயோடு. நடுவில் ஒரு கொட்டாவி வேறு. அதை அப்பாவின் அக்கா, பெரியத்தை, பார்த்துவிட்டார்.

"மக கணக்கா தாங்குனாரு மனுசன். இவ என்னத்தையோ மென்னுக்கிட்டுக் கொட்டாவி விடுறா. கல்லுடி நீ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளதைச் சொல்லிவிட வாயெடுத்தேன். நீங்கள் என் கையை அமுக்கினீர்கள். காதோரம், "அழுக தொண்ட வரைக்கும் வருது புள்ள. அங்கனயே நின்னுருது. மாத்திரைய நிப்பாட்டிட்டா கண்ணுக்கு வந்துருமா?" என்றீர்கள்.

எனக்கு நீங்கள் பார்த்துப் படுத்திருந்த அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. "உங்கள அழுக வைக்கவா அவரு மதுரைக்கும் போடிக்கும் அலைஞ்சாரு?" என்றேன்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். உங்கள் முறை வந்ததும் அரிசியை அள்ளினீர்கள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அப்பா கடைசியாகக் கொண்டுவந்த காய்களில் ஒன்றை எடுத்து, அரிசியோடு சேர்த்து அவர் உதட்டில் வைத்தீர்கள்.

"வாய் காஞ்சிருக்கும் மாமா."

உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியத்தைதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். அன்று சாயங்காலம் என் கண் முன்னாலேயே மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தீர்கள். இரண்டு வருஷம் கழித்து உங்கள் மகள் பிறந்தாள்.

நேற்று அவள் வீட்டில் உங்களுக்குத் திதி. உங்கள் படத்துக்கு முன்னால் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு வரவில்லை. யாரோ என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். படையல் இலையின் ஓரத்தில் ஓர் ஏலக்காய் வைத்தேன். அழுகை தொண்டையிலேயே நிற்கிறது மதினி. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.