இனிப்புத் தெரியாத ஈ

லா சப்பல், பாரிஸ்
நவம்பர், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மாமிக்கு,

சுபாங்கி எழுதுவது. இங்கே நானும் சேந்தனும் மாமாவும் சுகம். உங்கள் தங்கச்சி முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தடியில்லாமல் நடக்கிறா என்று அறிந்தோம், சந்தோசம். கோப்பாய்க்கு வரும் என் சிநேகிதி நிரோஜினியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் "ஓம் பிள்ளை, ஓம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் என்னதான் செய்கிறேன் என்று நீங்கள் முன்பு கேட்டீர்கள். ஈக்குச் சமைக்கிறேன் என்று சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈதான். ஒரு கூட்டத்துக்குச் சாதாரணச் சாப்பாடு, இன்னொரு கூட்டத்துக்குச் சீனி அள்ளிப் போட்ட சாப்பாடு. சில நாள் கழித்து, எது எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம்.

ஈ படிக்குமா என்று கேட்பீர்கள். படிக்கும். ஒரு மணத்தோடு சேர்த்துச் சீனி கொடுத்தால், அடுத்த முறை அந்த மணம் வரும் பக்கத்துக்கே போகும். சீனிக்குள்ளேயே வளர்ந்த ஈயோ இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பது போல அலையும். முதலில் மந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை. அதற்கு இனிப்பே சரியாகத் தெரிவதில்லை. நாக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் சத்தம் குறைந்துவிடுகிறது. "இது நல்லது, ஞாபகம் வைத்திரு" என்ற செய்தி மூளையில் படிக்கிற இடத்துக்கு மெல்லிதாகத்தான் போய்ச் சேருகிறது. பிறகு எதைப் படிப்பது?

போன மாதம் ஆய்வுக்கூடத்தை ஊர்ச் சனம் வந்து பார்க்கத் திறந்துவிட்டார்கள். உங்கள் மகன் சேந்தனுக்கு அன்று வேலை. மாமா தனியே வீட்டில் இருப்பாரே என்று கூட்டிக்கொண்டு போனேன். கதிரையில் இருந்து நித்திரை கொள்வார் என்றுதான் எண்ணினேன். அவரோ உருப்பெருக்கியை விட்டு எழும்பவே இல்லை.

ஈ காலாலும் ருசி பார்க்கும், மாமி. சாதாரணச் சாப்பாட்டு ஈயின் காலில் சீனித் தண்ணீர் ஒரு துளியைத் தொட்டேன். உடனே குழல் போன்ற வாயை நீட்டியது. மாமா கைதட்டினார். அதே தண்ணீரைச் சீனி ஈயின் காலில் தொட்டேன். பேசாமல் இருந்தது. திரும்பத் தொட்டேன். அப்போதும் அப்படியே.

"தண்ணியை மாத்திப் போட்டியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லை மாமா, ஒரே தண்ணிதான்."

"அப்ப தண்ணியிலை பிழை இல்லை?"

"இல்லை மாமா. ஈக்குத்தான் தெரியேல்லை."

திரும்ப உருப்பெருக்கியில் குனிந்து அந்த ஈயையே பார்த்தார். பிறகு மெத்ரோ ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம். லா சப்பல் நிலையப் படிகளில் இறங்கும்போது, கைபிடியைப் பிடித்து நின்று சொன்னார்: "யோகத்தின்ரை பாயசத்திலை ஒரு பிழையும் இல்லை."

அவருடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நீங்கள் காய்ச்சிய பாயசத்தைத்தான் சொன்னார். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், "இதிலை இனிப்பே இல்லை, உன்ரை கைப்பக்குவம் போயிட்டுது" என்றாரே, அதை. நீங்கள் எல்லாருடைய கோப்பைகளையும் எடுத்துக் கழுவினீர்கள். தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று அடுத்த மாதமே புறப்பட்டீர்கள்.

மனிதர் ஈயல்ல என்று எங்கள் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அடிக்கடி சொல்லுவார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் உணவகச் சமையலறையில் வேலைக்கு நின்ற காலம் முழுக்க மாமா குடித்த தேத்தண்ணியை நினைத்துப் பார்த்தேன். கரண்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்குச் சீனி.

அன்றிலிருந்து சீனியை விட்டுவிட்டார். வைத்தியர் சொன்னபோது விடாதவர், ஒரு ஈயைப் பார்த்ததும் விட்டார். லேசாக நடக்கவில்லை. முதல் கிழமை எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். சேந்தன் ஒளித்து வைத்த சீனிப் போத்தலைத் தேடிப் பிடித்து, ஒரு கரண்டியும் எடுக்காமல் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். "ஈக்குத் திரும்ப ருசி வருமோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன்: சாப்பாட்டை மாற்றிய பிறகும் எல்லா ஈக்கும் ருசி முழுதாகத் திரும்புவதில்லை, ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று.

நேற்று நான் கரட் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவர் அப்படியே நின்றார். "பிள்ளை, இது இனிக்குது," என்றார். என்னையும் சாப்பிடச் சொன்னார். எனக்கு வெறும் கரட்தான். அவரோ குசினியில் நின்றபடியே முழுக் கரட்டையும் சாப்பிட்டு முடித்தார்.

இது நாக்கா, மனமா, எனக்குத் தெரியாது. அறிய ஆசையாக இருக்கிறது. அதற்கு நீங்களும் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொன்னால் நல்லது.

உங்கள் பயணச்சீட்டின் திகதியை மாற்றலாமாம், சேந்தன் விசாரித்து வைத்திருக்கிறார். வாருங்கள் என்று மாமா எழுதச் சொல்லவில்லை. நான் எழுதுவதும் அவருக்குத் தெரியாது. ஆனால் காலையில் எழும்பியதும் குசினிக்கு வந்து, "அங்கை இப்ப எத்தினை மணி?" என்று கேட்கிறார். கோப்பாய் நேரத்தை நான் சொல்ல, தலையாட்டிவிட்டுப் போகிறார். மறுநாளும் வந்து கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமி.

உங்கள் அன்பு மருமகள்,
சுபாங்கி