எம்மை என்றது யாரை

மழை பொய்யாதிருக்க, மதகு பிழையாதிருக்க. வெண்கரைநாடுடைய கோமான் வெள்ளாதன், பெருந்துறைப் பண்டாரத்தைக் கண்ணிமைபோற் காக்கும் நன்னாகனார்க்கு விடுக்கும் திருமுகம். உம் துறையும் துறைசேர் மக்களும் நலமே வாழ்க.

முறைவகுப்பார் குழுவில் அரண்மனை இட்ட பொன்னை மீட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர். மதகு திறப்பதும் சுங்கம் கொள்வதும் களஞ்சியம் அளப்பதும் நெடுங்காலமாக அக்குழு எழுதிக்கொடுத்த முறைகளின்படியே நடந்தன. அவர்தம் ஊதியத்தில் பங்குகொள்ளவே வணிகரும் யாமும் பொன் இட்டோம். இப்போது கடல்கடந்து வந்த செப்புப்பாவை, குழுவின் பழைய முறைகளையெல்லாம் கேட்டுக் கற்று, வெற்றிலை மென்று முடிப்பதற்குள் புதுமுறையை ஓலையில் எழுதித் தந்துவிடுகிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோம் என்று வணிகர் பொன்னை வாரிப்போயினர். குழுவிற் பாதிப்பேர் ஊரைவிட்டே போயினர். அவர் அச்சம் பொய்யன்று.

ஆயினும் குழுத்தலைவி இளவெயினியார்க்கு நேர்ந்ததைக் கேளும். பாவையின் முறைகளிற் குறைகாணவே சென்றவர், தம்மவர் எழுதியவற்றினும் அவை நன்றாயிருக்கக் கண்டு மனம் ஒடிந்தார். பின்பு கடைசி வரியைக் கண்டார்: ‘பிழை கண்டால் எம்மை அழைக்க.’ அது குழுவின் வழக்கு. எழுதியவர் எப்பொழுது அழைத்தாலும் எழுந்து வருவார் என்பது அதன் பொருள். எம்மை என்றது யாரை என்று பாவையை வினவினார். முறைகளெல்லாம் அவ்வாறே முடிவதால் தானும் அவ்வாறே முடித்ததாக அது பணிவுடன் விடை தந்தது. அச்சொல்லுக்குப் பின்னால் எழுந்து வருவார் எவரும் இல்லை என்று கண்டு, உச்சிவெயிலில் வீடு திரும்பினார்.

ஐப்பசி அடைமழையில், பாவை சொன்னபடி மருதமதகைத் திறக்கக் கீழைத்தெருவில் வெள்ளம் புகுந்தது. மதகுகாவலன் காரி, ஓலையில் எழுதியிருந்தபடியே பாவையின் மண்டபத்துக்கு ஓடி அழைத்தான். அது வருந்துவதாகக் கூறி வேறொரு முறை தந்தது. அவ்வாறு செய்ய நீர் இன்னும் ஏறிற்று. மீண்டும் ஓடினான், மீண்டும் வருந்திற்று. பிறகே இளவெயினியார் கதவைத் தட்டினான். அவர் அவிழ்ந்த கூந்தலை முடியவும் நில்லாது வந்து, கழுத்தளவு நீரில் இறங்கி மதகை அடைத்தார். அதற்குள் கீழைத்தெருவிலிருந்த காரியின் வீடு போயிற்று. உள்ளிருந்த மனைவியும் மகளும் போயினர்.

காரி எவரையும் ஏசவில்லை. எழுதியிருந்தபடிதானே அழைத்தேன் என்று எம் அவையில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மழை பெய்யுந்தோறும் யாரோ கதவைத் தட்டுவதாக இளவெயினியார் எழுந்துபோய்த் திறக்கிறாராம். வாசலில் எவரும் இல்லை. யாமும் அவ்வொலி கேட்டு எம் கதவைத் திறந்து பார்த்தோம், மறைப்பதேன்?

ஆகவே ஆணை. பாவை எழுதட்டும், ஆற்றைக் கையால் தடுப்பார் இல்லை. எழுதும் தொழிலில் குழுவுக்கு இனி ஊதியம் குறையும். அதற்கஞ்சிப் பொன்னை மீட்பவர் மீட்கட்டும். அரண்மனைப் பொன் அங்கேயே கிடக்க. அது எழுதும் கைக்கன்று, அழைத்தால் வரும் காலுக்கு. உயிரோடிருக்கும் ஒருவர் பெயரும் வீடும் பொறிக்காமல், எம் நாட்டு முறை எதிலும் ‘எம்மை’ என்னும் சொல் இனி நிற்கலாகாது. மருதமதகின் ஓலையில் இளவெயினியார் அச்சொல்லைக் கீறித் தம் பெயரைப் பொறித்துவிட்டார். காரி அதை வாங்கிப் பார்த்து, மதகடிக்குத் திரும்பினான்.

கண்ட பொழுதே இது நிறைவேறுக. நாரை இலச்சினை இட்டோம்.

இதிற் பிழை கண்டால் அழைக்க: வெள்ளாதன், அரண்மனை வடக்குவாசல். மழைநாளில் அக்கதவு தாழிடப்படுவதில்லை.